ஆசான் வந்த ஆண்டு

சென்ற மாதக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அன்பர் என்னைக் கேட்டார்: "உங்க வீட்ல எப்பப் பார்த்தாலும் ஃபுட்பால்னு சொல்றாங்களே. எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கலைங்க. ஆடுறவன் உள்ளே ஆடுறான். இந்த கோச்சுன்னு ஒருத்தர் கோட்டுக்கு வெளியே நின்னு கையை ஆட்டிட்டு இருக்கார். அவருக்கு என்ன வேலை? அதுக்கா அவ்வளவு சம்பளம்?"

கேட்டவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் நியாயமான கேள்வி. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் நினைப்பை மாற்றியது ஒரே ஒரு பருவம். நம் கொச்சியின் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி, ஒரு புதிய தலைமைப் பயிற்சியாளரின் கீழ் ஆடிய 2021-22 இந்தியன் சூப்பர் லீக். அன்பருக்குக் காப்பி ஆறுவதற்குள் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் போடிநாயக்கனூர்க்காரன். 1978இல் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஓர் ஏலக்காய்க் கிடங்குக்குக் கணக்கு எழுத வந்து, இங்கேயே வேர் விட்டுவிட்டவன். ஊரில் பூப்பந்து ஆடியிருக்கிறேன், கால்பந்து தெரியாது. தெரிந்ததெல்லாம் பேரனுக்காக உட்கார்ந்து பார்த்துக் கற்றதுதான். ஆகவே ஆட்டம் அறிந்தவர்கள் என் விளக்கங்களைப் பொறுத்தருள வேண்டும்.

பத்தாம் இடத்து அணி

பிளாஸ்டர்ஸ் அணி 2014இல் பிறந்தது. கலூர் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம்தான் அதன் வீடு. ஆட்ட நாளில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மெட்ரோவில் இருந்து தெருக்கடை வரை எல்லாம் மஞ்சள். முதல் ஆண்டிலேயே இறுதி ஆட்டம் வரை போய், மும்பையில் கொல்கத்தா அணியிடம் கடைசி நிமிடக் கோலில் தோற்றது. 2016இல் மறுபடியும் இறுதி ஆட்டம். இந்தத் தடவை நம் கொச்சியிலேயே, அதே கொல்கத்தா அணியிடம், பெனால்டி முறையில் தோல்வி.

அதற்குப் பிறகு இறங்குமுகம். அடுத்த நான்கு பருவங்களில் அணி பிடித்த இடங்கள் ஆறு, ஒன்பது, ஏழு, பத்து. 2020-21 பருவத்தில் மொத்தம் 11 அணிகள், நம்முடையது பத்தாவது. 20 ஆட்டங்களில் 3 வெற்றி. அடித்தது 23 கோல், வாங்கியது 36.

இந்த ஆண்டுகளில் பயிற்சியாளர்கள் வந்து போன வேகத்தையும் பார்க்க வேண்டும். டேவிட் ஜேம்ஸ், பீட்டர் டெய்லர், ஸ்டீவ் கோப்பல், ரெனே முலன்ஸ்டீன், மறுபடி டேவிட் ஜேம்ஸ், நெலோ விங்காடா, எல்கோ ஷட்டோரி, கிபு விகுனா. ஒரு முழுப் பருவத்துக்கு மேல் தொடர்ந்து நின்றவர் ஒருவரும் இல்லை. நாங்கள் வேலை பார்த்த கிடங்கில் ஒரு காலத்தில் இப்படித்தான் வருடத்துக்கொரு மேலாளர் வந்தார்கள். புதிதாக வருகிறவர் முதலில் செய்வது, பழையவர் வைத்த வரிசையை மாற்றுவது. மூட்டைகள் கிழக்கிலிருந்து மேற்கே போகும். அடுத்தவர் வந்ததும் மேற்கிலிருந்து கிழக்கே வரும். ஏலக்காய் மட்டும் அப்படியே இருக்கும்.

செர்பியாவிலிருந்து ஒருவர்

2021 ஜூன் 17ஆம் தேதி, இவான் வுகோமனோவிச் என்ற செர்பியரைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தார்கள். அப்போது அவருக்கு வயது 44 ஆக இரண்டு நாள் பாக்கி. ஆட்டக்காரராக பிரான்ஸின் போர்தோ, ஜெர்மனியின் கோல்ன், சொந்த நாட்டின் ரெட் ஸ்டார் போன்ற கிளப்புகளில் ஆடியவர். பயிற்சியாளராக பெல்ஜியத்தின் ஸ்டாண்டர்ட் லியேஜ், ஸ்லோவாக்கியாவின் ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா, சைப்ரஸின் அப்போலோன் லிமசோல் ஆகியவற்றில் இருந்தவர். இங்கே யாருக்கும் அவர் பெயரைச் சொல்லவே வரவில்லை. அதனால்தானோ என்னவோ, மலையாளிகள் கொஞ்ச நாளில் அவரை 'ஆசான்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். களரி ஆசான், எழுத்தாசான் என்று நமக்கும் அவர்களுக்கும் பொதுவான சொல். வாத்தியாருக்குச் சம்பளம் உண்டு. ஆசானுக்கு அதோடு மரியாதையும் உண்டு.

அவரைத் தேர்ந்தெடுத்ததில் கரோலிஸ் ஸ்கின்கிஸ் என்ற லித்துவேனியருக்குப் பெரும் பங்கு. அவர் அப்போது கிளப்பின் விளையாட்டு இயக்குநர். ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிப்பது அவர் பொறுப்பு. அந்த ஆண்டு வந்த வெளிநாட்டார் அனைவரும் புதியவர்கள்: உருகுவேயின் அட்ரியன் லூனா, ஸ்பெயினின் அல்வாரோ வாஸ்குவெஸ், அர்ஜென்டினாவின் ஹோர்ஹே பெரேரா டியாஸ், குரோவேஷியாவின் மார்கோ லெஸ்கோவிச், போஸ்னியாவின் எனெஸ் சிபோவிச், பூட்டானின் செஞ்சோ. ஆகவே பின்னால் வந்த பெருமை முழுவதையும் ஒரே மனிதர் தலையில் ஏற்றுவது சரியல்ல. சமையல் ருசித்தால், சந்தைக்குப் போய்க் காய் பார்த்து வாங்கியவரையும் நினைக்க வேண்டும்.

தொடக்கம் நன்றாக இல்லை. செப்டம்பரில் கொல்கத்தாவில் நடந்த டூரண்ட் கோப்பையில் கடற்படை அணியை வென்றார்கள். பெங்களூருவிடமும் டெல்லி எஃப்.சி.யிடமும் தோற்று, முதல் சுற்றோடு திரும்பினார்கள். "இவரும் அவ்வளவுதான்" என்று ஜூத்தெரு டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

முதல் கோணல்

லீக்கின் கணக்கு எளிது. ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டம். வென்றால் 3 புள்ளி, சமன் என்றால் 1. முதல் நான்கு இடத்தார் அரையிறுதிக்குப் போவார்கள். கொரோனா காரணமாக அந்தப் பருவம் முழுவதும் கோவாவில் நடந்தது. ஃபதோர்டா, பாம்போலிம், வாஸ்கோ என்று மூன்றே அரங்கங்கள், பார்வையாளர் கிடையாது, ஆட்டக்காரர்கள் விடுதியை விட்டு வெளியே போகக் கூடாது. கொச்சியில் ஓர் ஆட்டம்கூட இல்லை. ஆக, நம் ஊர் அணியை நாம் டெலிவிஷனில்தான் பார்த்தோம்.

2021 நவம்பர் 19, முதல் ஆட்டம். ஏ.டி.கே. மோகன் பகானிடம் 4-2 தோல்வி. திருச்சூர்ப் பையன் ராகுல் கே.பி. காயம்பட்டு அன்றோடு பல வாரம் வெளியே. அடுத்து நார்த் ஈஸ்ட் அணியுடன் 0-0, பெங்களூருவுடன் 1-1. மூன்று ஆட்டத்தில் இரண்டு புள்ளி.

இங்கே நம் தமிழன்பர்களுக்கு வேறொரு கணக்கையும் சொல்ல வேண்டும். அதே பருவத்தில் சென்னையின் எஃப்.சி. அணிக்கும் புதிய பயிற்சியாளர்தான். போஜிதார் பந்தோவிச், மான்டிநீக்ரோ நாட்டவர். செர்பியாவும் மான்டிநீக்ரோவும் ஒரு காலத்தில் ஒரே யூகோஸ்லாவியா. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இருவர், ஒரே கோடையில், பக்கத்துப் பக்கத்து மாநிலத்து அணிகளுக்கு வந்தார்கள். சென்னை முதல் நான்கு ஆட்டத்தில் இரண்டு வெற்றி, இரண்டு சமன், தோல்வியே இல்லை. முதல் கோணல் முற்றும் கோணல் என்ற பழமொழியை நம்புகிறவர்கள் அன்று யார் மீது பணம் கட்டியிருப்பார்கள்?

பேரனுக்கு அப்போது வயது பன்னிரண்டு. அவன் மஞ்சள் சட்டைக்காரன். நான் சும்மா இருக்காமல், "பாருடா, மெட்ராஸ்காரன் மேலே நிக்கிறான்" என்றேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது உங்க டீம் தாத்தா. எங்க டீம் இனிமேதான் ஜெயிக்கும்."

உங்க டீம், எங்க டீம். எனக்கு அது எங்கேயோ தைத்தது. வீட்டில் தமிழ்தான் பேசுகிறான். ஆனால் கோட்டை மறித்துப் போட்டுவிட்டான்.

கோட்டுக்கு வெளியே நிற்பவரின் வேலை

அன்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கூடைப்பந்தில் பயிற்சியாளர் ஆட்டத்தை இடையில் நிறுத்தச் சொல்லி, ஆட்களைச் சுற்றி நிறுத்தி, பலகையில் படம் போட்டுக் காட்டலாம். கால்பந்தில் அந்த வசதி இல்லை. விசில் ஊதியதும் இடைவேளை வரை 45 நிமிடம் ஆட்டம் அவர் கையில் இல்லை. ஆகவே அவருடைய வேலையில் பெரும்பகுதி ஆட்டத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கையை ஆட்டுவதெல்லாம் மிச்சம்தான்.

அப்படி முன்பே முடிக்க வேண்டிய வேலைகள் மூன்று என்று எனக்குப் படுகிறது.

ஒன்று, வரிசை. வுகோமனோவிச் பழைய பாணியைத்தான் எடுத்தார். கோல்கீப்பருக்கு முன்னால் நால்வர், அவர்களுக்கு முன்னால் நால்வர், முனையில் இருவர். பூப்பந்தில் ஐவர் ஆட்டம் ஆடியவர்களுக்கு இது உடனே விளங்கும். அவனவனுக்கு ஓர் இடம். ஒருவன் பந்துக்காக இடம் பெயர்ந்தால், பக்கத்தில் இருப்பவன் அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் எதிரி அங்கேதான் போடுவான். முந்தைய ஆண்டு 36 கோல் வாங்கியது இந்த ஓட்டைகளால்தான்.

இரண்டு, பந்து போனதும் என்ன செய்வது என்பது. முன்னால் நிற்கும் வாஸ்குவெஸ், டியாஸ் இருவரும் கோல் அடிக்க மட்டும் நிற்கவில்லை. எதிரியின் பின்வரிசையிடம் பந்து போன கணமே இருவரும் பாய்ந்து விரட்டுவார்கள். அவன் அவசரத்தில் தவறாக உதைப்பான். பின்னால் காத்திருக்கும் ஜீக்சன் சிங்கும் புய்டியாவும் அதை எடுத்துக்கொள்வார்கள். நட்சத்திர ஆட்டக்காரனை வேலைக்காரனைப் போல ஓட வைப்பது லேசான காரியமல்ல. முன்னால் இருப்பவன் ஓடினால் பின்னால் இருப்பவனுக்குச் சாக்குச் சொல்ல வாய் வராது. லூனாவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோல் போடவும் அவர்தான், சொந்த எல்லைக்கு ஓடி வந்து பந்தைப் பறிக்கவும் அவர்தான்.

மூன்று, ஆளை அறிவது. இதுதான் கடினம். மணிப்பூரின் ஹோர்மிபாம் இருபது வயதுப் பையன். அவரை முதிர்ந்த லெஸ்கோவிச்சின் பக்கத்தில் தற்காப்பு நடுவில் நிறுத்தினார். ஜீக்சனும் மணிப்பூர்க்காரர்தான். 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்காகக் கோல் போட்டவர். ஃபிஃபா உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில் கோல் போட்ட முதல் இந்தியர். கண்ணூர்க் குடும்பத்துப் பிள்ளை சஹல் அப்துல் சமத்துக்குக் காலில் வித்தை இருந்தது. கோல் அதிகம் வரவில்லை என்பது பழைய குறை. அவரை ஓரத்தில் நிறுத்தி, அங்கிருந்து உள்ளே வெட்டி வரச் சொன்னார். அந்தப் பருவத்தில் சஹல் போட்டது 6 கோல்.

பெஞ்சில் இருந்த பையன்

டிசம்பர் 5ஆம் தேதி, நான்காம் ஆட்டம், ஒடிசாவுடன். கோல்கீப்பர் அல்பினோ கோமஸ் காயம்பட்டு வெளியே வந்தார். உள்ளே போனவர் பிரப்சுகன் கில் என்ற லூதியானா இளைஞர், வயது இருபது. ஆட்டத்தை 2-1 என்று பிளாஸ்டர்ஸ் வென்றது. பருவத்தின் முதல் வெற்றி.

இந்தச் செய்தி எங்கள் வீட்டில் ஏன் பெரிதாயிற்று என்று சொல்ல வேண்டும். பேரனும் பள்ளி அணியில் கோல்கீப்பர். அதாவது மூன்றாவது கோல்கீப்பர். பயிற்சியில் மற்றவர்கள் அடித்த பந்தைப் பொறுக்கிக் கொடுப்பது அவன் வேலை. இனிமேல் போகமாட்டேன் என்று நவம்பரிலேயே பூட்ஸைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். அவன் அம்மாவும் "படிப்பைப் பாரு" என்று விட்டுவிட்டாள்.

கில் அதற்குப் பிறகு இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை. டிசம்பர் 12இல் ஈஸ்ட் பெங்காலுடன் 1-1. டிசம்பர் 19இல் முந்தைய ஆண்டின் சாம்பியன் மும்பை சிட்டியை 3-0. டிசம்பர் 22இல் சென்னையை 3-0. அடுத்தடுத்து இரண்டு ஆட்டத்தில் வலை அசையவே இல்லை. பருவம் முடிந்தபோது அவர் ஒரு கோல்கூட விடாத ஆட்டங்கள் 7. சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறையும் அவருக்குத்தான் கிடைத்தது.

நான் பேரனுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்த வாரம் பூட்ஸ் தானாகவே கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்தது.

அந்த டிசம்பர் 22 ராத்திரியை மறக்க முடியாது. டியாஸ், சஹல், லூனா மூவரும் சென்னையின் வலையில் ஆளுக்கொன்று போட்டார்கள். மலையாள வர்ணனை வீடே அதிர ஒலித்தது. மூன்றாவது கோல் விழுந்தபோது நான் கை தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். போடியில் இருக்கும் என் தம்பி போன் செய்து, "என்னண்ணே, உங்க ஊர்க்காரங்க போட்டு வெளுத்துட்டாங்களே" என்றான். உங்க ஊர் என்று அவன் சொன்னது கொச்சியை.

மேலேயும் கீழேயும்

2022 ஜனவரி 9ஆம் தேதி ஹைதராபாத்தை 1-0 என்று வென்று பிளாஸ்டர்ஸ் பட்டியலின் உச்சிக்குப் போனது. மூன்று நாளில் ஒடிசாவை 2-0. முதல் தோல்விக்குப் பிறகு பத்து ஆட்டம் தோல்வியே இல்லை.

அப்புறம் கொரோனா விடுதிக்குள் புகுந்தது. இரண்டு ஆட்டங்கள் தள்ளிப்போயின. ஆட்டக்காரர்கள் அறைக்குள் அடைபட்டுக் கிடந்து, 18 நாள் கழித்து ஜனவரி 30இல் பெங்களூருவோடு ஆடி 1-0 என்று தோற்றார்கள். பயிற்சி விட்டுப்போன காலின் கனம் டெலிவிஷனிலேயே தெரிந்தது. பிப்ரவரி 4இல் நார்த் ஈஸ்டுடன் ஆயுஷ் அதிகாரி சிவப்பு அட்டை வாங்கிப் பத்துப் பேரான பின், வாஸ்குவெஸ் தன் பாதி மைதானத்திலிருந்தே அடித்த பந்து கோல்கீப்பர் தலைக்கு மேலே போய் விழுந்தது. 2-1 வெற்றி. ஆனால் ஆறு நாளில் ஜாம்ஷெட்பூரிடம் 3-0 தோல்வி. ஏ.டி.கே. மோகன் பகானுடன் வெற்றி கையில் இருக்கும்போது, கூடுதல் நேரத்தின் கடைசியில் கோல் வாங்கி 2-2. பேரன் அன்று சாப்பிடவில்லை.

இதே பிப்ரவரியில்தான் சென்னை தன் பயிற்சியாளரை விலக்கியது. கோவாவிடம் 5-0 என்று தோற்ற சில நாளில் பந்தோவிச் போனார். மீதி ஆட்டங்களைச் சென்னைக்காரரான சையத் சாபிர் பாஷா பார்த்துக்கொண்டார். பிப்ரவரி 26இல் மறுபடியும் கேரளாவிடம் 3-0. பருவ முடிவில் சென்னை 20 புள்ளியோடு எட்டாம் இடம்.

பந்தோவிச் திறமையற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. தொடக்கத்தில் அவர்தான் நன்றாகச் செய்தார். என் கண்ணுக்குப் பட்டது ஒன்றே ஒன்று. நல்ல தொடக்கம் கிடைத்தவரிடம் அடுத்த வெற்றியை உடனே கேட்கிறார்கள். மோசமாகத் தொடங்கியவரின் முதல் மூன்று வாரத்தைப் பொறுத்துக்கொண்ட இடத்தில் அணி உருவாகிவிட்டது. பயிற்சியாளரின் திறமை பாதி என்றால், மற்றவர்களின் பொறுமை பாதி. முந்தைய ஏழு பருவங்களில் கொச்சியில் இல்லாமல் போனது அந்த இரண்டாவது பாதிதான்.

மார்ச் 2இல் மும்பையை 3-1 என்று வென்றது வாழ்வா சாவா ஆட்டம். மூன்று நாள் கழித்து மும்பை ஹைதராபாத்திடம் தோற்றதும், நம் கடைசி ஆட்டத்துக்கு முன்பே அரையிறுதி உறுதியாயிற்று. கடைசி ஆட்டத்தில் கோவாவுடன் 4-4. மொத்தம் 9 வெற்றி, 7 சமன், 4 தோல்வி, 34 புள்ளி, நான்காம் இடம். அடித்தது 34 கோல், வாங்கியது 24. முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் புள்ளி சரியாக இரண்டு மடங்கு.

ஃபதோர்டாவில் ஒரு ஞாயிறு

அரையிறுதி எதிரி ஜாம்ஷெட்பூர். 43 புள்ளியோடு லீக் கேடயத்தை வென்றவர்கள். முதல் ஆட்டத்தில் சஹல் முன்னேறி வந்த கோல்கீப்பருக்கு மேலாகப் பந்தை மெல்லத் தூக்கிப் போட்டார், 1-0. இரண்டாவதில் லூனா ஒன்று போட, 1-1. மொத்தத்தில் 2-1. ஆறு வருடத்துக்குப் பிறகு இறுதி ஆட்டம்.

2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை, ஃபதோர்டா. எதிரி ஹைதராபாத். அன்றுதான் முதல் முறையாக அரங்கத்தை ரசிகர்களுக்குத் திறந்தார்கள். கேரளத்திலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் பிள்ளைகள் புறப்பட்டுப் போனார்கள். எங்கள் தெருவிலிருந்தே ஒரு வேன் போயிற்று. ஹைதராபாத்தின் சட்டையும் மஞ்சள். பட்டியலில் மேலே இருந்தவர்கள் என்பதால் மஞ்சள் அவர்களுக்குப் போய்விட்டது. நம்மவர்கள் கறுப்புச் சட்டையில் ஆடினார்கள். ஆனால் கூட்டம் மஞ்சள்தான். களத்தில் மஞ்சள் எதிரி, சுற்றிலும் மஞ்சள் சொந்தம். விசித்திரமான காட்சி.

சஹல் காயத்தால் ஆடவில்லை. 68ஆம் நிமிடம், முதல் ஆட்டத்தில் காயம்பட்டுப் போன அதே ராகுல் தூரத்திலிருந்து அடித்துக் கோல் போட்டார். தெருவில் பட்டாசு வெடித்தது. நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 88ஆம் நிமிடம் சாஹில் தவோரா அடித்த பந்து வலைக்குள் போயிற்று. பட்டாசு நின்றுவிட்டது. கூடுதல் நேரத்திலும் கோல் இல்லை, பெனால்டி. ஹைதராபாத் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி, லெஸ்கோவிச், நிஷு குமார், ஜீக்சன் மூவரின் உதையையும் தடுத்தார். நம் பக்கம் போட்டவர் ஆயுஷ் ஒருவர்தான். 3-1. மூன்றாவது இறுதி ஆட்டம், மூன்றாவது தோல்வி.

டெலிவிஷனை யாரும் அணைக்கவில்லை. பேரன் தரையில் உட்கார்ந்தபடியே என் முழங்காலில் தலையைச் சாய்த்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "நாம தோத்துட்டோம் தாத்தா."

நாங்கள் என்றால் கேட்பவனுக்கு இடமில்லை. நாம் என்றால் அவனும் உள்ளே. தமிழுக்குள்ள இந்த நுட்பத்தை நாற்பது வருடமாக இங்கே குழந்தைகளுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்து வருகிறோம். அன்றைக்கு அதை எனக்கு ஒரு குழந்தை சொல்லிக் கொடுத்தான். "ஆமாண்டா, நாம தோத்துட்டோம்" என்றேன்.

பிறகு

கதையை அங்கேயே முடித்தால் ஆசானைத் தெய்வமாக்கியது போலாகிவிடும். அதுவும் சரியல்ல. 2022 ஏப்ரலில் அவர் ஒப்பந்தத்தை 2025 வரை நீட்டித்தார்கள். அடுத்த பருவத்தில், 2023 மார்ச் 3ஆம் தேதி பெங்களூருவில் நடந்த பிளே-ஆஃப் ஆட்டத்தில், நம்மவர்கள் தயாராகும் முன்பே சுனில் சேத்ரி அடித்த ஃப்ரீ கிக்கை நடுவர் கோலாக ஏற்றார். கோபத்தில் ஆசான் அணியையே களத்திலிருந்து வெளியே கூட்டி வந்துவிட்டார். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது; அவருக்குப் பத்து ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும். அன்று ரசிகர்களில் பாதிப் பேர் அவரை வீரன் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டத்தை முடித்துவிட்டுச் சண்டை போட்டிருக்கலாம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆசான் பாதியில் எழுந்து போகக் கூடாது.

2023-24 பருவத்திலும் பிளே-ஆஃப் வரை போய் ஒடிசாவிடம் தோற்றார்கள். 2024 ஏப்ரல் 26இல் கிளப்பும் அவரும் பிரிந்தார்கள். மூன்று பருவம், மூன்று முறையும் பிளே-ஆஃப் சுற்று, கோப்பை ஒன்றும் இல்லை. இதுதான் பதிவேட்டில் நிற்கும் கணக்கு.

இனி அன்பருக்குப் பதில். கோட்டுக்கு வெளியே நிற்பவருக்கு என்ன வேலை என்றால், உள்ளே இருக்கும் பதினொருவரில் யார் எங்கே நின்றால் மற்ற பத்துப் பேருக்கும் பலம் என்று கண்டுபிடிப்பது. பெஞ்சில் இருப்பவனைத் தயாராக வைத்திருப்பது. தோற்ற மறுநாளும் அதே முகத்தோடு பயிற்சிக்கு வருவது. கோப்பை இருந்தால் இந்த வேலை எல்லார் கண்ணுக்கும் தெரியும். இல்லாவிட்டால், பத்தாம் இடத்துக்கும் இறுதி ஆட்டத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அளந்து பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

பேரன் இப்போது பள்ளி அணியில் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பர் நல்ல திடகாத்திரமான பையன். காயம் எதுவும் படுவதாக இல்லை. இருந்தாலும் இவன் தினமும் போகிறான்.